கூனிப்பாறைக்கு ஏற்ற டயர்

வண்டி நின்றுவிட்டது. பாறையின் தலைப்புக்கு, அதுதான் உச்சிக்கு, இன்னும் ஓர் ஆள் உயரம்கூட இல்லை. அவ்வளவு தூரம் ஏறிப் போய் அங்கே நின்றுவிட்டது.

நான் முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கிறேன். கையில் ரிமோட். அதன்மேல் கிளிப் போட்டுப் பிடிப்பித்த உள்ளங்கை அளவு திரை. திரையில் பாறை தெரிகிறது, காய்ந்த பாசி தெரிகிறது, ஒரு பக்கமாகச் சரிந்து கொஞ்சம் வானம் தெரிகிறது. விசையை இழுத்தால் படம் நடுங்குகிறதே தவிர, வண்டி ஒரு இஞ்சு நகரவில்லை.

"என்னவாக்கும்? போச்சா?" என்று கேட்டாள் மேபல். என் வீட்டுக்காரி. கொடியில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் முன்கையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"போகல்ல. மாட்டிட்டு."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"சும்மா இரிட்டீ!" என்று கத்திவிட்டேன். நெய்யாற்றின்கரையிலிருந்து பூவாறுக்கும் பாறசாலைக்கும் காலமெல்லாம் பஸ் ஓட்டியவன் நான். பஸ்ஸுக்கு இருந்த பிரேக் என் வாய்க்கு எப்போதும் இருந்ததில்லை. இந்தத் தொடரை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு அது இதற்குள் தெரிந்திருக்கும்.

இத்தனை வாரமாகப் பெரிய வண்டிகளின் கதை சொன்னேன். இது என் கடைசி வண்டியின் கதை. நீளம் ஒரு முழம். டிக்கெட் கிடையாது, பெல் கிடையாது, ஸ்டாப்பில் நிறுத்தவில்லை என்று கெட்டவார்த்தை சொல்ல ஆளும் கிடையாது. ரிமோட்டில் ஓடுகிற கார். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள், பிறகு எனக்குக் கோபம் வரும்.

அவள் ஏறாத பாறை

எங்கள் கொல்லயில் பஞ்சாயத்துப் பக்கம் தென்னையும் வாழையுமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே திடீரென்று ஒரு பாறை எழும்பி நிற்கும். பாதிப் பாறைகளை உடைத்து ஜல்லியாக்கி லாரியில் ஏற்றிவிட்டார்கள். கூனிப்பாறை மட்டும் தப்பியது. அதன் சொந்தக்காரர்கள் அண்ணன் தம்பிகள். பாகம் பிரிப்பதில் சண்டை, கேஸ் கோர்ட்டில் கிடக்கிறது. அந்தச் சண்டை நீடூழி வாழ வேண்டும் என்று நான் ஜெபத்தில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ரப்பர் தோட்டம், அதைத் தாண்டினால் பாறை. மேலே ஏறி நின்றால் மேற்கே தென்னந்தலைகள். திருப்புறம் ஊருக்கும் அப்பால் ஒரு கோடு மாதிரி கடல். கிழக்கே திரும்பினால், மேகம் இல்லாத நாளில் அகஸ்தியர் மலை. லீவு கிடைக்கிற சாயங்காலம் எல்லாம் அங்கேதான் போய் இருப்பேன். நாள் முழுக்க எஞ்சின் சத்தம், சில்லறைச் சண்டை, பிள்ளைகளின் கூச்சல் என்று கேட்ட காதுக்கு அங்கே காற்று மட்டும்தான். அந்தக் காற்றை நான் எப்படிச் சொல்லி விளங்கவைப்பேன்!

கல்யாணம் ஆன புதிதிலேயே மேபலைக் கூப்பிட்டேன்.

"பாறையப் பாக்கதுக்கு ஏறணுமாக்கும்? கீழ நிண்ணாலே தெரியுதே" என்றாள்.

அவளுக்குத் தையல். ஜூன் வந்தால் பள்ளிக்கூட யூனிஃபார்ம், டிசம்பர் வந்தால் கிறிஸ்துமஸ் பிளவுஸ், நடுவிலே கல்யாணச் சீசன். மிச்சம் இருக்கிற நேரத்தில் சபையில் பாட்டுப் பயிற்சி. நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு தனியாகப் போவேன். திரும்பி வந்து, கண்டதையெல்லாம் தையல் மிஷின் பக்கத்தில் இருந்து சொல்லுவேன். அவள் கால் மிதித்துக்கொண்டே இருக்கும்.

"கடல் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அது அங்கதானே கெடக்கும்."

இப்படியே வருஷங்கள் போயின. எனக்கு வேறு பெரிய ஆசை ஒன்றும் கிடையாது, சத்தியமாகச் சொல்கிறேன். வெளிநாடு போகணும் என்று தோன்றியதில்லை, மாடி கட்டணும் என்று தோன்றியதில்லை. அவளையும் கூட்டிக்கொண்டு அந்தத் தலைப்பில் ஒருக்கா இருக்கணும். பேசக்கூட வேண்டாம். அவள் கண்ணால் அதைக் காணணும், அவள் காண்பதை நான் காணணும். அவ்வளவுதான்.

ரிட்டையர் ஆனதும் இனி எப்படியாவது கொண்டுபோய்விடலாம் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். அந்த ஜூன் மாச இடவப்பாதி மழையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தேன். பாசி. முதுகெலும்பு. திருவனந்தபுரத்தில் ஆப்பரேஷன். அதற்குப் பிறகு எனக்கு வாக்கர்தான். கட்டிலிலிருந்து வராந்தா, வராந்தாவிலிருந்து முற்றம், அதோடு ரூட் முடிந்தது.

"ஏற்றம் எறக்கம் வேண்டாம்" என்று டாக்டர் மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார். எங்கள் ஊரில் ஏற்றம் இறக்கம் இல்லாமல் ஒரு அடி வைக்க முடியுமா? வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுதேன். வலி என்று நினைத்து மேபல் மாத்திரை கொண்டுவந்து தந்தாள். அதையும் வாங்கி முழுங்கினேன்.

டிரைவர் வீட்டில் வண்டி

சிவதாணுவை உங்களுக்கு முன்பே தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பூவாறு ரூட்டில் எனக்குக் கண்டக்டராக இருந்தவன். சைவக் குடும்பம். "எனக்க தாத்தாவுக்க தாத்தா ராஜாவுக்க கொட்டாரத்துல கணக்கெழுத்தாக்கும்" என்பதை டிக்கெட் கிழிக்கிற இடைவெளியில் நாளுக்கு ஒருதடவையாவது சொல்லிவிடுவான். இப்போது மகளோடு சேர்ந்து பாறசாலையில் மொபைல் கடை வைத்திருக்கிறான்.

நான் கட்டிலோடு கிடந்தபோது ஒருநாள் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவனுடைய மருமகன் முறையான பையன் கனடாவுக்குப் போகும்போது விட்டுப்போன சாமானாம்.

"எலே மக்கா, டிரைவர் வீட்டுல வண்டி இல்லாம இருக்கப்பிடாது."

"எனக்கென்ன ரெண்டு வயசாலே? எடுத்துட்டுப் போ சவத்த."

அவன் கேட்கவில்லை. தரையில் வைத்து ரிமோட்டை அழுத்தினான். கடைகளில் பிள்ளைகளுக்கு விற்கிற கார் மாதிரி சர்ரென்று ஓடி சுவரில் முட்டும் என்று நினைத்தேன். அது அப்படிச் செய்யவில்லை. பைய நகர்ந்தது. என் செருப்புமேல் ஒரு சக்கரத்தை வைத்தது, யோசித்தது மாதிரி நின்றது, ஏறியது. வாக்கரின் காலைத் தாண்டியது. வராந்தாப் படியில் மூக்கை நிமிர்த்தி, பின் சக்கரத்தால் உந்தி, ஏறிவிட்டது! பாறை ஏறுவதற்கென்றே செய்கிற வண்டியாம் அது.

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"எலே, இது எம்புட்டு ஏறும்?"

"எம்புட்டு வேணும்?"

நான் ஜன்னல் வழியாகப் பின்பக்கம் பார்த்தேன். ரப்பர் மரங்களுக்கு மேலே பாறையின் முதுகு தெரிந்தது. சிவதாணுவும் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது.

மேபலிடம் சொன்னபோது மிஷின் நின்றது. "இதா? அந்தப் பாறைக்கா?" அவள் சிரித்த சிரிப்பில் ஊசியில் நூல் அறுந்துபோனது.

கேட்ட டயர் கிடைத்தது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். சர்க்கார் பஸ் டிரைவருக்கு எதையும் தேர்ந்தெடுக்கிற பாக்கியம் கிடையாது. டிப்போவில் என்ன வண்டி தருகிறார்களோ அதுதான் வண்டி. மேலே ரப்பர் ஒட்டிய பழைய டயர்தான் டயர். கிளட்ச் சரியில்லை என்று எழுதிவைத்தால் அடுத்த நாளும் அதே கிளட்ச்தான் காலுக்கடியில் இருக்கும். அப்படிப்பட்ட எனக்கு முன்னால் சிவதாணு மொபைலை நீட்டி, "மோட்டார் எது வேணும், பல்சக்கரம் எது வேணும், டயர் எது வேணும், பாத்துச் சொல்லு" என்றால் எப்படி இருக்கும்! இரண்டு மூன்று வாரம் எனக்கு முதுகுவலி மறந்தே போயிற்று.

முதல் சண்டை மோட்டாரில் வந்தது. அதிவேக மோட்டார் ஒன்று உண்டு, அதைப் போடு என்றான்.

"போட்டா பறக்கும் மக்கா!"

"பறக்கண்டாம்லே. ஏறணும்."

"ரெண்டும் செய்யும்."

"நீ டிக்கெட் குடுத்தவன், ஒனக்கு இது விளங்காது. ஏத்தத்துல வேகம் யாருக்கு வேணும்? ஃபர்ஸ்ட் கியரு வேணும்."

உள்ளே கம்பிச் சுற்று அதிகமாக உள்ள மோட்டாராகப் பார்த்து எடுத்தேன். அது மெதுவாகச் சுற்றும், ஆனால் விடாது. அதன் நுனியில் மாட்டுகிற குட்டிப் பல்சக்கரத்தையும் பல் குறைந்ததாக மாற்றினேன். பல் குறையக் குறைய வேகம் போகும், இழுவை கூடும். சிவதாணுவுக்கு முகம் வாடிவிட்டது. அவன் பறக்கிற காரைக் காண ஆசைப்பட்டவன், பாவம்.

பிறகு எடை. ஆட்கள் முழுக்கப் பின்னால் நெருக்கி நிற்க, பஸ் ஏற்றம் ஏறும்போது முன்பக்கம் காற்றில் நிற்கிற மாதிரி இருக்கும்; ஸ்டியரிங் கைக்கு அகப்படாது. "முன்னால கேறி நில்லுங்க" என்று சிவதாணு தொண்டை கிழியக் கத்துவது அதற்குத்தான். இந்த வண்டிக்கும் அதே சீக்கு. முன் சக்கரங்களுக்குள் பித்தளை வளையம் வைத்தோம், பேட்டரியை முன்னால் நகர்த்தினோம்.

"இந்தத் தடவ ஆளுகள நீயே முன்னால கேத்திட்டியே" என்றான் சிவதாணு.

டயரில்தான் பெரிய சண்டை. பாறைக்கு மெத்தென்ற டயர் வேண்டும், கல்லை அது கை மாதிரிப் பிடிக்க வேண்டும். அதில் எங்களுக்குள் பேச்சில்லை. இந்த டயருக்குள் காற்று கிடையாது, பஞ்சு வைக்க வேண்டும். இரண்டு அடுக்குப் பஞ்சு ஒன்று இருக்கிறது, உள்ளே கட்டி, வெளியே மெத்து. அதுதான் நல்லது என்று சிவதாணு வீடியோ வீடியோவாகக் காட்டினான். எனக்கு முழுக்க மெத்தென்று இருப்பதில்தான் மனசு போயிற்று. மேபல் விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது தலையணைக்குக் கொள்ளாம், நல்லாருக்கும்" என்றாள். நான் இரண்டு பேர் சொன்னதையும் கேட்கவில்லை. ஆயுசில் முதல் தடவையாக நான் கேட்ட டயர் எனக்கு வருகிறது, அதில் இன்னொருவன் பேச்சை எதற்குக் கேட்க வேண்டும்?

தலைக்கும் அதே எண்ணெய்

ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் ஊற்ற வேண்டும். அதற்கென்று சிலிக்கான் எண்ணெய் உண்டு, கட்டி எவ்வளவு என்று குப்பியில் நம்பர் போட்டு வரும். ஆர்டர் போட்டோம். மற்ற எல்லாம் வந்தது, அது வரவில்லை. கிறிஸ்துமஸ் பார்சல்களுக்கு நடுவில் எங்கேயோ மாட்டிக்கொண்டது.

எனக்குப் பொறுமை கிடையாது. எங்கள் ஊரில் கதவு கீச்சிட்டாலும் தேங்காயெண்ணெய், கால் வெடித்தாலும் தேங்காயெண்ணெய். அடுக்களையிலிருந்து எடுத்து நாலு ஷாக்கிலும் ஊற்றி மூடினேன். மத்தியானம் முற்றத்தில் ஓட்டிப் பார்த்தேன். ஆகா, என்ன ஒரு ஓட்டம்! கல்லும் வேரும் தெரியாமல் அலுங்காமல் போயிற்று. சிலிக்கானும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சிவதாணுவுக்குப் போன் போட்டுப் பெருமை அடித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பின்னால் இருந்த ரப்பரை வெட்டினார்கள். மரம் வயசாகிப்போனது, புதுக் கன்று வைக்கப் போகிறார்கள். பின்முற்றத்தில் என் நாற்காலியிலிருந்து பாறைவரை மறைப்பு இல்லாமல் திறந்து கிடந்தது. ரிமோட்டின் சிக்னலுக்கு அதைவிட நல்ல காலம் வராது.

தனு மாசக் காலை, மார்கழிக் குளிர். புல்லில் பனி. சிவதாணு மஃப்ளர் சுற்றிக்கொண்டு வண்டியைத் தூக்கிப் போய்ப் பாறையின் அடியில் வைத்தான். நான் விசையை இழுத்தேன். முதல் ஏற்றத்திலேயே வண்டி மரப்பலகை மாதிரித் துள்ளி மல்லாந்தது. நிமிர்த்தி வைத்தான். மறுபடியும் மல்லாந்தது.

போனில் வந்தான். "மக்கா, இது நொண்டுது."

கொண்டுவந்து திறந்து பார்த்தால் ஷாக்குக்குள் வெள்ளையாக நெய் மாதிரி உறைந்து கிடக்கிறது. மேபல் உள்ளே போய்த் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்க் குப்பியை எடுத்துவந்து என் கண்ணுக்கு நேராகக் கவிழ்த்துப் பிடித்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

"இஞ்ச பாருங்க. வெயில்ல வைக்காம எனக்கே தலையில தேய்க்க முடியல்ல. காருக்கு ஊத்தியிருக்கியளே!"

சிவதாணு சிரித்துச் சிரித்து வராந்தாவில் உட்கார்ந்துவிட்டான். தனு மாசத்தில் தேங்காயெண்ணெய் உறையும் என்று பிறந்த நாளிலிருந்து தெரியும். தெரிந்து என்ன? ஆசை தலைக்கு ஏறினால் தெரிந்ததெல்லாம் பறந்துவிடும். இரண்டு பேரோடும் அன்றைக்கு நான் பேசவில்லை.

சிலிக்கான் எண்ணெய் வந்தது. கடைசியாகச் சின்னக் கேமரா ஒன்றும் வந்தது. வண்டியின் நெற்றியில் அதை வைத்தேன். வண்டி காண்பதை இங்கே திரையில் நான் காணலாம். சத்தம் மட்டும் வராது.

கோழியைத் தூக்குகிற மாதிரி

இப்போது தொடங்கின இடத்துக்கு வருகிறேன். கும்ப மாசத்து ஒரு சாயங்காலம், தமிழுக்கு மாசி. சிவதாணு வண்டியைப் பாறையடியில் வைத்துவிட்டு, கடையிலிருந்து மகள் கூப்பிட்டதால், "நீ ஓட்டு, இருட்டதுக்கு முன்ன வந்து எடுத்துட்டு வாறேன்" என்று பாறசாலைக்குப் போய்விட்டான்.

வண்டி ஏறியது. ஐயா, அது ஏறின அழகு! திரையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒவ்வொரு இடமும் தெரிந்தது. நான் கை ஊன்றுகிற மேடு, செருப்பைக் கழற்றி வைக்கிற குழி, மழைத்தண்ணீர் தேங்குகிற பள்ளம். நாற்காலியில் இருந்த என் கால்கள் தாமாக அசைந்தன. வேகம் இல்லாத மோட்டார் ஒவ்வொரு கல்லையும் கேட்டுக் கேட்டு ஏறிற்று. பித்தளை முன்பக்கத்தை அமுக்கிப் பிடித்தது. இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தலைப்புக்குக் கீழே பாறையில் ஒரு வெடிப்பு உண்டு. முன் சக்கரம் அதில் இறங்கியது. நான் ஆசைப்பட்டு வாங்கின மெத்தென்ற டயர் மடங்கிக்கொண்டு வெடிப்புக்குள் போய் இறுகிவிட்டது. உள்ளே கட்டிப் பஞ்சு இருந்திருந்தால் மடங்கியிருக்காது. முன்னால் இழுத்தேன், பின்னால் இழுத்தேன். பேட்டரி இறங்கிக்கொண்டே போகிறது.

அப்போதுதான் மேபல் போச்சா என்று கேட்டாள், நான் கத்தினேன்.

கத்திவிட்டு, என்னால் அடக்க முடியவில்லை. "எனக்கு அத இன்னும் ஒருக்கா காணணும்டீ மேபல்" என்றேன். எனக்கே அது யாருடைய குரலோ என்று தோன்றியது.

அவள் என்னைப் பார்த்தாள். கையில் இருந்த துணி முழுவதையும் என் மடியில் போட்டாள்.

"எங்கடீ போற?"

"அந்தச் சவத்து வண்டிய எடுத்துட்டு வாறேன்."

வீட்டு நைட்டி, தோளில் மஞ்சள் துவர்த்துத் துண்டு. வெட்டின ரப்பர்க் குற்றிகளுக்கு நடுவே அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பாறையின் மடிப்பில் மறைந்துவிட்டாள். வழுக்கிவிடுவாளோ என்று பயம். வேண்டாம் வா என்று கூப்பிட்டேன், அவளுக்குக் கேட்கவில்லை.

நெடுநேரம் திரையில் பாறைதான். பிறகு ஒரு ஹவாய் செருப்பு. ஒரு கை. உலகம் ஒரு ஆட்டு ஆடி, குப்புறச் சாய்ந்தது. கோழியைத் தூக்குகிற மாதிரி வண்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுவிட்டாள். நைட்டியின் பூ, வானம், பாறை, மறுபடி பூ. இனி இறங்குவாள் என்று பார்த்தால், படம் மேலே போகிறது. மேபல் ஏறுகிறாள்!

கடல் செங்குத்தாக எழும்பி நின்றது. பிறகு அவள் வண்டியைத் தரையில் நேராக வைத்தாள். கடல் படுத்துக்கொண்டது. தென்னந்தலைகள், அதற்கப்பால் வெயில் விழுந்து மின்னுகிற அதே கோடு. விழிஞ்ஞத்துப் பக்கம் துறைமுகத்தின் கிரேன்கள் வரிசையாக நின்றன, என் காலத்தில் அவை கிடையாது. எனக்குக் கடல் தெரியும்படி பார்த்துத்தான் வைத்திருக்கிறாள். இத்தனை வருஷம் ம்... ம்... என்று கேட்டவள், எந்தத் திசை என்பதை மறக்கவில்லை.

பார்த்தேன். எத்தனையோ நாள் ஏங்கிக் கிடந்த கடல். ஆனால், என்ன சொல்வது, கொஞ்ச நேரம்கூட அதில் என் கண் நிற்கவில்லை. எனக்கு மேபலைக் காணணும்.

பூவாறு ஸ்டாண்டில் பஸ்ஸை வளைப்பதுபோல முன்னால் எடுத்து, பின்னால் எடுத்து, மறுபடி முன்னால் எடுத்து வண்டியைத் திருப்பினேன். நைட்டியின் விளிம்பு வந்தது. இன்னும் கொஞ்சம் பின்னால் எடுத்தேன். அவள் முழுசாகத் தெரிந்தாள். துவர்த்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. வண்டி திரும்பியதை அவள் கவனிக்கவில்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள். மிஷினுக்குமேல் குனிந்த முகம்தான் எனக்குப் பழக்கம். அன்றைக்கு அது நிமிர்ந்து இருந்தது, தலைமயிர் பறந்து வாயில் விழுந்தது, அதை ஒதுக்கக்கூட இல்லை. அப்படியே நின்றவள், துவர்த்து நுனியை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள்.

"பாத்தியாட்டீ! பாத்தியா! நான் சொன்னப்ப நம்பினியா?" என்று மடியில் துணியோடு முற்றத்தில் இருந்து சத்தம் போட்டேன். எனக்கும் கண் நிறைந்து வழிந்தது. கடைசியில் அந்தப் பாறை அவளையும் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அவள் பக்கத்தில் நிற்க என் உடம்பு முழுக்கத் தவித்தது. அப்போது திரை கறுத்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது.

மேலே நின்றால் தெரிவது

வெளிச்சம் மங்கும்போது வந்தாள். வண்டியை வராந்தாவில் வைத்தாள். என் மடியிலிருந்து துணிகளை எடுத்து மடக்கத் தொடங்கினாள். எனக்குப் பொறுக்குமா?

"எப்படி உண்டு?"

"கொள்ளாம்."

"கடலு?"

"கண்டேன்."

"நீ அழுதத நான் பாத்தேன்."

மடக்குகிற கை நின்றது. "கடலக் கண்டு யாராவது அழுவாளா?"

"பின்ன?"

அவள் என் ஒரு சட்டையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள். "ரப்பரு வெட்டினதுல அங்கேருந்து பாத்தா நம்ம வீடு தெரியுது. முற்றம் தெரியுது. மடியில துணியும் போட்டுட்டு நீங்க ஒத்தைக்கு இருக்கது தெரியுது." சட்டையை மடக்கி வைத்து, "எனக்குத் தாங்கல்ல. இனி நான் போகமாட்டேன்" என்றாள்.

நான் போன காலத்தில் மரங்கள் மறைத்து நின்றன, வீடு தெரியாது. தெரிந்திருந்தாலும் நான் மேற்கே பார்த்துத்தான் இருந்திருப்பேன்.

"அப்படிச் சொல்லப்பிடாது" என்றேன் பிறகு. "நாளைக்கும் நீ போ."

"என்னத்துக்கு?"

"நான் இஞ்ச இருந்து கை காட்டுதேன். நீயும் காட்டு."

"கூறுகெட்ட மனுஷன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் சிவதாணு வந்து, இரண்டு அடுக்குப் பஞ்சு ஆர்டர் போடட்டுமா என்று கேட்டான். இப்போது வேண்டாம் என்றேன். அவன் என்னை ஒருமாதிரிப் பார்த்தான்.

சாயங்காலம் மேபல் மிஷினை மூடினாள். செருப்பை மாட்டினாள். "வண்டியையும் கொண்டு போறியா?" என்று கேட்டேன். "அதையும் இடுக்கிட்டு ஏறதுக்கு எனக்கென்ன இருவது வயசா?" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

நான் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். தலைப்பில் மஞ்சளாக ஒரு பொட்டு வந்து நின்றது. கையைத் தூக்கினேன். தோள் கடுக்கும்வரை இறக்கவில்லை.

திரும்பி வந்து படியேறும்போதே கேட்டாள். மூச்சு வாங்கியது, முகம் சிவந்திருந்தது. "கை காட்டினேனே, பாத்தியளா?"

"பாத்தேன்" என்றேன்.

நான் எங்கே பார்த்தேன்? கண் நிறைந்துவிட்டதில் அவள் கை எனக்குத் தெரியவே இல்லை. அந்த மஞ்சள் துவர்த்து தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் நான் இருக்க வேண்டிய இடம் வெறுமனே கிடந்தது, அது மட்டும் நல்லாத் தெரிந்தது.